அரிசி ஆலை மேசையில் சேர்த்த ஆங்கிலச் சொற்கள்

நீடாமங்கலம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். படித்தது முழுக்கத் தமிழ்வழி. அரிசி ஆலைக்கு ஆங்கிலம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நிறம் மாறிய அரிசியைப் பிரித்தெடுக்கும் கலர் சார்ட்டர் இயந்திரத்துக்கு உதிரிபாகம் வேண்டுமென்றால் வெளியூர்க் கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும். வெளிமாநிலத்துக்குப் போன லாரியில் மூட்டை குறைந்தால் எழுத வேண்டும். காப்பீட்டுப் பத்திரமும் வங்கிக் கடன் ஒப்பந்தமும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இதைப் படித்து என்னவென்று சொல்லுங்கள் தம்பி" என்று என் பக்கம் தள்ளிவிடுவார். அப்படித் தள்ளப்பட்ட தாள்களிலிருந்துதான் நான் ஆங்கிலச் சொல் சேர்த்தேன். எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போகவில்லை. முப்பது வயதுக்கு மேல் இதில் இறங்க நினைக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கைக்கு வந்தது நெல் கொள்முதல் விதிமுறைத் தாள். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட எவருக்கும் 'மாய்ச்சர் 17' என்றால் ஈரப்பதம் 17 சதவீதம் என்று புரியும். கையெழுத்துப் போடத் தடுமாறும் பெரியவர்கூட ஈரப்பதம் என்று சொல்ல மாட்டார். மாய்ச்சர் பத்தொன்பது காட்டுகிறது என்றுதான் அலுத்துக்கொள்வார். அதே தாளில் கழிக்க வேண்டிய மணிகளின் பட்டியலும் இருக்கிறது. டேமேஜ்ட், டிஸ்கலர்ட், ஸ்ப்ரவுட்டட், வீவில்ட் என்று ஒரு வரி. இம்மெச்சூர், ஷ்ரங்கன், ஷ்ரிவல்ட் என்று இன்னொரு வரி. அகராதியில் ஏழுக்கும் பொருள் கிடைக்கும். நான் சாம்பிள் நெல்லில் ஒரு பிடியை அள்ளி வெள்ளைத் தாளில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மழையில் நனைந்து நுனியில் வெள்ளை முளை காட்டிய மணி ஸ்ப்ரவுட்டட். மஞ்சளும் கறுப்புமாக மாறியது டிஸ்கலர்ட். துளை விழுந்து, நசுக்கினால் மாவாக உதிர்வது வீவில்ட். வீவில் என்பது பழைய அரிசியில் நாம் பார்க்கிற, மூக்கு நீண்ட அந்த வண்டுதான். முற்றாமல் பச்சையாக நின்றுவிட்டது இம்மெச்சூர். டேமேஜ்ட் என்றால் சேதமானது, அதில் குழப்பமில்லை. மிச்சமிருந்த இரண்டில்தான் தகராறு. ஷ்ரங்கன், ஷ்ரிவல்ட் இரண்டுக்குமே 'சுருங்கிய' என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் அப்படி விடவில்லை. துவைத்த பிறகு அளவு குறைந்துபோன சட்டை ஷ்ரிங்க் ஆகிறது. வெயிலில் வதங்கித் தோலில் சுருக்கம் விழுந்த பழமும் இலையும் ஷ்ரிவல் ஆகின்றன. முன்னது சிறுத்தது, பின்னது வற்றிச் சூம்பியது. தாளில் கிடந்த மணிகளை விரலால் அப்படி இரண்டாக ஒதுக்கிப் பார்த்த பிறகு அந்த இரண்டு சொல்லும் குழம்பியதே இல்லை. அந்த வழியாகப் போன போர்மேன், "என்ன சார், நெல்லை எண்ணியா மூட்டை போடப் போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதே வாரத்தில் உமிக்கு ஹஸ்க், தவிட்டுக்கு பிரான், பதருக்கு சாஃப், குருணைக்கு புரோக்கன் ரைஸ் என்று ஆலையைச் சுற்றியே சொல் கிடைத்தது. ஒவ்வொருவர் தொழிலிலும் இப்படி ஒரு தாள் இருக்கும். மருந்துக் கடையில் நிற்பவருக்கு மாத்திரை அட்டையின் பின்பக்கம், பம்புசெட்டு பழுதுபார்ப்பவருக்கு மோட்டாரோடு வரும் கையேடு, வங்கி வாசலில் படிவம் நிரப்பித் தருபவருக்கு அந்தப் படிவமே. எழுத்து வரிசையில் 'ஏ'யில் தொடங்கி அகராதியை மனப்பாடம் செய்யப் புறப்பட்டவர்கள் 'பி'யைத் தாண்டி நான் பார்த்ததில்லை. நம் வேலையின் தாளில் தொடங்கினால், பொருள் முன்பே கையில் இருக்கிறது. பெயர் மட்டும்தான் புதிது.

இனி நோட்டுக்கு வருகிறேன். எங்கள் பிள்ளைகள் ஆங்கிலச் சொல் படிக்கும் முறை எல்லோருக்கும் தெரியும். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். மறுநாள் காலை ஒப்பித்தல். தேர்வுக்கு இது போதும். கடிதம் படிக்கவும் எழுதவும் போதாது. 'டியூ' என்ற சின்னச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிக் கடனுக்கு மாதாமாதம் டியூ கட்டுகிறோம். எனவே டியூ என்றால் தவணை என்று நமக்குள் ஊறிக் கிடக்கிறது. ஆலைக்கு வந்த கடிதங்களில் அதே சொல் எப்படியெல்லாம் வந்தது தெரியுமா? 'பேமென்ட் இஸ் டியூ ஆன் த ஃபிஃப்த்': ஐந்தாம் தேதி பணம் வந்தாக வேண்டும். 'த லாரி இஸ் டியூ அட் சிக்ஸ்': ஆறு மணிக்கு லாரி வர வேண்டும். 'டிலே டியூ டு ரெய்ன்': மழையால் தாமதம். காப்பீட்டுக் கடிதத்தின் கடைசி வரியில் 'இன் டியூ கோர்ஸ்': உரிய காலத்தில் பதில் வரும், அதாவது எப்போது என்று கேட்காதீர்கள். தவணை என்ற ஒற்றைப் பொருளை வைத்துக்கொண்டு இந்த நான்கில் ஒன்றைக்கூட நேராகப் படிக்க முடியாது. நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தால், வர வேண்டியது, சேர வேண்டியது, உரியது என்று உள்ளே ஓடும் சரடு தெரிகிறது. மழைக்குக்கூட, தாமதத்தின் பழி அதற்குச் சேர வேண்டியது என்று வைத்துக்கொள்ளலாம்.

'லாட்ஜ்' இன்னும் வேடிக்கை. கும்பகோணத்தில் பெயர்ப்பலகைக்குப் பெயர்ப்பலகை லாட்ஜ். காவல் நிலையத்தில் புகாரை லாட்ஜ் செய்கிறார்கள். ஐப்பசி மழையில் தலை சாய்ந்து படுத்த பயிரையும் ஆங்கிலப் பத்திரிகை 'லாட்ஜ்ட்' என்றுதான் எழுதுகிறது. "பயிர் எப்படி மாமா ரூம் எடுத்துத் தங்கும்?" என்று என் அக்கா மகள் கேட்டாள். கேட்டுச் சிரித்ததாலேயே அந்தச் சொல் அவளுக்கு நின்றுவிட்டது. நாம் அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொற்களில் இப்படிச் சரிபார்க்க வேண்டியவை பல உண்டு. நாம் சாப்பிடப் போகும் ஹோட்டல் அவர்களுக்குத் தங்கும் இடம். நாம் நெல்லைச் சொல்லும் 'பேடி', வெளிநாட்டு அகராதிகள் பலவற்றில் முதல் பொருளாக நெல் வயலைக் குறிக்கிறது. எனவே வெளிநாட்டு வியாபாரிக்கு எழுதும்போது நான் 'பேடி' என்று மொட்டையாக விடாமல், அது தானியம்தான் என்று தெரியும்படி வாக்கியத்தை அமைத்துவிடுவேன்.

எனக்கு மிக அதிகமாகச் சொல் கொடுத்தது செய்தித்தாள். காலையில் டீக்கடையில் தமிழ்ப் பத்திரிகை, மாலையில் கிளை நூலகத்தில் ஆங்கிலப் பத்திரிகை. இரண்டிலும் ஒரே செய்தி. அந்த வரிசை முக்கியம். வாசிப்பை ஆராய்ந்தவர்கள், ஒரு கட்டுரையில் நூற்றுக்கு 98 சொற்களாவது தெரிந்திருந்தால்தான் அதை யார் உதவியும் இல்லாமல் நிம்மதியாகப் படிக்க முடியும் என்கிறார்கள். ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம் என்றால், எங்களைப் போன்றவர்கள் ஆங்கிலப் பத்திரிகையைத் தொடவே முடியாது. ஆனால் செய்தி முன்பே தெரிந்திருந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் தளர்கிறது. அமெரிக்கத் தேர்தலைப் பற்றிய தலையங்கத்தில் எனக்கு மூச்சு முட்டும். மேட்டூர் அணைத் திறப்பில் முட்டாது. ஜூன் 12 என்ற தேதியும், 120 அடி என்ற முழு மட்டமும், 93.47 டி.எம்.சி. என்ற கொள்ளளவும் டெல்டாவில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்த எண்களுக்கு நடுவில் கிடக்கும் சொற்களைப் பொறுக்கி எடுப்பதுதான் வேலை.

அப்படிப் பொறுக்கியவற்றில் சில. அணைக்கு வரும் நீர் இன்ஃப்ளோ, வெளியேற்றுவது டிஸ்சார்ஜ். தண்ணீரை ஓபன் செய்வதில்லை, ரிலீஸ் செய்கிறார்கள். நீர்மட்டம் 'ஸ்டுட் அட்' இத்தனை அடி. அதாவது மட்டம் 'நிற்கிறது'. திறப்பைக் கூட்டினால் 'ஸ்டெப்ட் அப்'. உபரி நீர் சர்ப்ளஸ், அதைக் கொள்ளிடத்தில் விடுகிறார்கள். மதகு ஸ்லூஸ், தூர்வாருவது டீசில்ட்டிங், கடைமடை டெயில் எண்ட். கரையில் உடைப்பு விழுந்தால் பிரீச். ஒப்பந்தத்தை மீறினாலும் அதே பிரீச்தான், வங்கித் தாளில் அது என் கண்ணில் பட்டபோது உடைந்த வாய்க்கால் கரைதான் நினைவுக்கு வந்தது. வெள்ளம் வடிந்தால் ரிசீட். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, 'அப்ரூட்டட்' என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் எவரும் அகராதி பார்க்க வேண்டியிருக்கவில்லை. வேரோடு சாய்ந்த தென்னைகளின் படத்துக்குக் கீழே அந்தச் சொல் அச்சாகியிருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, நான் 'ஸ்டாண்ட் என்றால் நில்' என்று எழுதி வைக்கவில்லை. அது சின்ன வகுப்பிலேயே தெரியும். 'லெவல் ஸ்டுட் அட்' என்ற மூன்று சொல்லையும் சேர்த்து எழுதி வைத்தேன். ஆலையில் இருப்புக் கணக்கு அனுப்பும்போது 'த ஸ்டாக் ஸ்டுட் அட்' இத்தனை மூட்டை என்று எழுத அது அப்படியே கைகொடுத்தது. புதுச் சொல்லைத் தேடுவதைவிட, தெரிந்த சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று பார்ப்பதில் லாபம் அதிகம். இதைச் சொல்லும் ஆசிரியர்கள் குறைவு என்பது என் குறை.

சொல்லை வாக்கியத்தோடு காட்ட வேண்டும் என்பது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பல்ல. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி இருக்கிறது, 1784ஆம் ஆண்டுப் பதிப்பு. முதல் பதிப்பு 1755இல் வந்தது. பொருளை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், நூல்களிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களை எடுத்து, இந்தச் சொல்லை இவர்கள் இப்படிக் கையாண்டார்கள் என்று காட்டியதுதான் அதன் பெருமை. எதிர்த் திசையில் பார்த்தால் தரங்கம்பாடி. 1706இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்துப் பழகினார். பிறகு சுவடிகளைப் படித்துப் படித்துச் சொற்களைத் தொகுத்தார். மொழி தெரியாதவர் மொழியைப் பிடித்த வழி இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஆங்கிலம் என்றாலே வலங்கைமானைச் சொல்வார்கள். 1869இல் அங்கே பிறந்த சீனிவாச சாஸ்திரியாரின் ஆங்கிலப் பேச்சை வெள்ளைக்காரர்களே வெள்ளி நாக்கு என்று புகழ்ந்தார்கள். அந்த உயரத்துக்கு நமக்கு வேலையில்லை. இரண்டு மூட்டை குறைகிறது என்று மரியாதையாகவும் அழுத்தமாகவும் எழுதத் தெரிந்தால் போதும்.

எந்த அகராதி என்று பலர் கேட்கிறார்கள். எங்கள் ஊர் வீடுகளில் அலமாரிக்கு ஒரு லிப்கோ அகராதி இருக்கும். ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் பொருள் தரும். சட்டென்று பொருள் பார்க்க அது நல்லது. அதோடு நிறுத்திவிடக் கூடாது. இரண்டாவதாக, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில அகராதி ஒன்று வேண்டும். ஆங்கிலேயருக்காக எழுதிய அகராதியில் சொல்லைவிட விளக்கம் கடினமாக இருக்கும். ஒன்றைத் தேடப் போய் மூன்றைத் தேட வேண்டி வரும். இந்தத் தொல்லையைத் தீர்க்க முனைந்தவர்களில் ஒருவர், டாக்காவில் கல்விப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட். 1935இல் வந்த அவரது அகராதி, எல்லாச் சொற்களையும் 1,490 எளிய சொற்களைக் கொண்டே விளக்கியது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி 1942இல் அங்கே வெளியிட்ட அகராதியை 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு மறுபடி பதிப்பித்தது. அதன் வழிவந்த பதிப்புகள்தான் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் என்ன வரலாம், என்ன வரக் கூடாது என்று காட்டியதுதான் ஹார்ன்பி செய்த பெரிய உபகாரம்.

அந்த உபகாரம் தமிழருக்கு மிகவும் தேவை. 'எனக்கு விளக்குங்கள்' என்று நினைத்துக்கொண்டு 'எக்ஸ்பிளெய்ன் மீ' என்று எழுதுகிறோம். நடுவில் ஒரு 'டு' வேண்டும். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதில் இருக்கும் 'பற்றி', 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின்னால் 'அபவுட்' ஆகி வந்து உட்கார்ந்துவிடுகிறது. அங்கே அதற்கு இடமே கிடையாது. இரண்டு இயந்திரம் இருந்தால் 'மெஷினரீஸ்' என்று எழுதுகிற கடிதங்கள் வாரத்துக்கு ஒன்றாவது ஆலைக்கு வருகின்றன. மெஷினரி, எக்விப்மென்ட், அட்வைஸ், இன்ஃபர்மேஷன் இவற்றுக்குப் பன்மை கிடையாது. பொருளை மட்டும் படித்தவருக்கு இவற்றில் ஒன்றும் தெரிய வராது. பொருள் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது. வாக்கியத்தைப் படித்தவருக்குத் தெரியும்.

என் நோட்டில் இப்போது ஒரு சொல்லுக்கு மூன்று வரி. முதல் வரியில் சொல்லும், அது வந்த இடத்தில் அதற்கு இருந்த பொருளும். மற்றப் பொருள்கள் அவை எதிரே வரும்போது சேரட்டும். இரண்டாம் வரியில் கண்ணில் பட்ட வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல். மூன்றாம் வரியில் என் சொந்த வாக்கியம். இந்த மூன்றாவதில்தான் எல்லோரும் சோம்பல் படுகிறார்கள். அது எனக்குத் தெரிந்த ஆளைப் பற்றி, தெரிந்த இடத்தைப் பற்றி, முடிந்தால் நேற்று நடந்ததைப் பற்றி இருக்க வேண்டும். 'ஹி இஸ் எ ரிலக்டன்ட் பாய்' என்று யாரோ ஒரு பையனைப் பற்றி எழுதினால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். 'மை பாஸ் வாஸ் ரிலக்டன்ட் டு பை எ நியூ டிரையர்' என்று எழுதினேன். டிரையர் என்பது நெல் உலர்த்தும் இயந்திரம். முதலாளி புதிதாக ஒன்று வாங்க மனமில்லாமல் இழுத்தடித்த கதை ஆலையில் எல்லோருக்கும் தெரியும், அந்தச் சொல்லை நான் எப்படி மறப்பேன்? நோட்டை அவர் கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன் என்பது வேறு விஷயம். சொந்த வாக்கியம் சரியா என்று சந்தேகம் வந்தால் இரண்டாம் வரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். அதன் எலும்புக்கூடு அப்படியே இருந்து, பெயர்கள் மட்டும் மாறியிருந்தால் பயமில்லை. புதுக் கோலத்தில் எழுதிப் பார்க்கும் துணிச்சல் பிறகு வரும்.

எழுதியது மறக்கத்தான் செய்யும். மறப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். செபாஸ்டியன் லைட்னர் 1972இல் ஜெர்மன் மொழியில் எழுதிய புத்தகத்தில் இதற்கு ஒரு பெட்டி முறை சொன்னார். சொற்களைச் சின்ன அட்டைகளில் எழுதி, தெரிந்த அட்டையை அடுத்த அறைக்குத் தள்ளுவது, தெரியாததை முதல் அறைக்கே திருப்பி அனுப்புவது. முதல் அறையை அடிக்கடியும், அடுத்தடுத்த அறைகளை இடைவெளி விட்டும் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அட்டைக்குப் பஞ்சமில்லை. டெல்டாவில் முகூர்த்த மாதம் வந்தால் கல்யாணப் பத்திரிகை மலையாகக் குவியும். நல்ல கெட்டி அட்டை, பின்பக்கம் வெறுமையாக இருக்கும். சாமி படமும் மஞ்சள் தடவிய ஓரமும் உள்ள பகுதியை அம்மா தனியாக வெட்டி வைத்துக்கொள்வாள், மிச்சத்தைச் சீட்டுக்கட்டு அளவில் நறுக்கிக்கொள்வேன். ஒரு பக்கம் வாக்கியம், சொல் இருக்கும் இடம் கோடாக, மறுபக்கம் சொல். சொல்லைப் பார்த்துப் பொருள் சொல்வது சுலபம். வாக்கியத்தில் விழுந்த பள்ளத்தைப் பார்த்துச் சொல்லைக் கொண்டுவருவதுதான் கடிதம் எழுதும்போது நமக்கு வேண்டிய திறமை. பழைய இனிப்புப் பெட்டியில் தடுப்பு வைத்து அறைகள் செய்திருக்கிறேன். செல்பேசியில் இதே வேலையைச் செய்யும் ஆங்கி என்ற செயலியை அக்கா மகள் பயன்படுத்துகிறாள், அதுவும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பிறர் தயாரித்த சொற்கட்டை இறக்கிக்கொள்வதை மட்டும் நான் தடுத்தேன். "மாமா, ஆயிரம் சொல் இலவசமாகத் தருகிறார்கள்" என்றாள். அந்த ஆயிரத்தில் அவளுடைய வாக்கியம் ஒன்றுகூட இல்லையே.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எழுத்தைப் பார்த்து வாசித்தால் ஆங்கிலம் ஏமாற்றும். ரசீதைக் குறிக்கும் 'ரிசீட்' என்ற சொல்லில் ஒரு 'பி' (P) எழுத்து ஒலிக்காமல் உட்கார்ந்திருக்கிறது. கடனைக் குறிக்கும் 'டெட்' என்பதில் இன்னொரு 'பி' (B). மேலே சொன்ன, வெள்ளம் வடிவதற்கான 'ரிசீட்' ஒலியில் கிட்டத்தட்ட இதுவே, எழுத்தில் வேறு. செல்பேசி அகராதியில் ஒலிபெருக்கிக் குறியை அழுத்தி ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் சொல்லை அட்டையில் ஏற்ற வேண்டும்.

எல்லாச் சொல்லையும் சேர்க்கவும் கூடாது. ஒரு சொல் முதல் தடவை எதிர்ப்பட்டால் பென்சிலால் அடிக்கோடு மட்டும் போடுகிறேன். வேறொரு தாளில் மறுபடி எதிர்ப்பட்டால்தான் அதற்கு அட்டை. பட்டியலில் பார்த்து மயங்கும் ஆடம்பரச் சொற்கள் இந்தச் சல்லடையில் தானாகவே கழிந்துவிடும். தை, மாசியில் சம்பா நெல் வந்து குவியும்போது ஆலையில் மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த இரண்டு மாதமும் புதுச் சொல் எதுவும் எடுப்பதில்லை, லாரி எடை போடக் காத்திருக்கும் நேரத்தில் பழைய அட்டைகளைப் புரட்டுவதோடு சரி. நோட்டு மறுபடி திறப்பது பங்குனியில்தான்.